எறும்பு நுழையாத படகு

தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எறும்புத் தச்சர் என்றால்தான் தெரியும். இளவயதில் ஒரு வீட்டுக்கு வாசற்கதவைப் பொருத்திவிட்டு, "இந்த மூட்டுல எறும்பு நுழைஞ்சா நான் உளியத் தூக்கிப் போட்டுடறேன்" என்று சவால் விட்டாராம். வீட்டுக்காரர் விளையாட்டுக்குச் சர்க்கரையைத் தூவிப் பார்த்திருக்கிறார். எறும்பு வந்தது, சுற்றிச் சுற்றிப் பார்த்தது, வந்த வழியே திரும்பிப் போனது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்.

கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் பத்து வயதில் அப்பாவோடு படகில் ஏறிய முதல் நாளே குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தார். மூன்று தடவை கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, "இவன் தரைக்குன்னே பிறந்தவன்" என்று அப்பா கைவிட்டார். அண்ணன் கடலுக்குப் போனார், தம்பி மரவேலைக்குப் போனார். அதிலிருந்து அண்ணனுக்குத் தம்பி 'கதவுக்காரன்'. அதில் கேலி எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று தம்பிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததே இல்லை.

அண்ணனுக்கு நுரையீரலில் நோய் வந்தது. இரண்டு மாதம் தாண்டுவது கஷ்டம் என்று மருத்துவர் அண்ணியைத் தனியே அழைத்துச் சொன்னார். வெளியே வந்த அண்ணியின் முகத்தைப் பார்த்தே அண்ணன் கணக்கைத் தெரிந்துகொண்டார். அன்று சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய் கதவுக்காரா, கொட்டகையில அப்பா படகு கவுந்து கெடக்குதே, அதத் தண்ணியில எறக்க முடியுமா? ஒரே ஒரு தடவ அதுல உக்காந்து தூண்டில் போடணும். அப்புறம் விறகுக்கு வெட்டிக்கோ."

"விறகா? நான் கை வெச்சா உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"பேரன் கெடக்கட்டும். நான் நிக்கிற காலத்துக்குள்ள முடி."

அண்ணன் படுத்திருந்த அறைக்குப் பின்சுவர்தான் கொட்டகைக்கு முன்சுவர். நடுவில் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். கட்டிலிலிருந்து படகு தெரியாது, தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

பதினோரு வருஷம் கவிழ்ந்து கிடந்த படகு. அடிப்பக்கத்துப் பலகைகளைப் பூச்சி அரித்திருந்தது. விலா என்று சொல்கிற வளைந்த சட்டங்கள் மட்டும் உறுதியாக இருந்தன. தன் வீட்டு வாசற்கதவுக்கென்று பல வருஷமாகப் பரணில் காயவைத்திருந்த பலகைகளைத் தம்பி இறக்கினார். தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும், அவ்வளவு காய்ந்த மரம்.

"பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு நூல் இடம் விடு" என்றார் அண்ணன். "அதுல பஞ்சுத் திரிய வெச்சு அடிச்சு எறக்கு. கதவு தண்ணி குடிக்காதுடா, படகு குடிக்கும். குடிச்சா உப்பும்."

தம்பி தலையாட்டினார். ஆனால் இழைப்புளியைக் கையில் எடுத்ததும் மனசு ஒப்பவில்லை. நாற்பத்தைந்து வருஷமாக இடுக்கில் வெளிச்சம் தெரியாமல் அடைத்துப் பழகிய கை. நன்றாக இருக்கிற சட்டையைத் தானே கிழித்து ஒட்டுப் போடச் சொல்வது மாதிரி இருந்தது. இடுக்கை விட்டுவிட்டுப் பஞ்சால் அடைப்பது வேலை தெரியாதவன் செய்கிற காரியமில்லையா? இன்னொன்றும் உண்டு. அண்ணன் இந்தப் படகில் உட்கார்ந்து பலகையைத் தடவிப் பார்ப்பார். ஐம்பது வருஷக் கேலிக்கு அந்த ஒரு நிமிஷம் அவர் வாயடைத்துப்போக வேண்டும். இரண்டு பலகைகளைச் சேர்த்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார் தம்பி. ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. அப்படியே ஆணி அடித்தார்.

தினமும் சாயங்காலம் அண்ணன் கேட்பார். "இடம் விட்டியாடா?"

"விட்டேன் அண்ணே."

"ஒரு நூல்?"

"ஒரு நூல்."

இருபத்தைந்தாம் நாள் அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து படகைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையோரத் தண்ணீரில் விட்டார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. "எறும்பு என்ன, தண்ணிக்கே வழி தெரியலையே!" என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாள் காலையில் அண்ணனை நாற்காலியோடு தூக்கி வருவதாக ஏற்பாடு.

விடிந்ததும் தம்பி போய்ப் பார்த்தார். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்த பலகைகள் உப்பியிருந்தன. நகர இடமில்லாமல் ஒன்றையொன்று நெட்டித் தள்ளியதில் நடுப்பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே பிதுங்கி நின்றது. இரண்டு விலாச் சட்டங்கள் பிளந்திருந்தன. படகு தண்ணீர் நிரம்பித் தரைதட்டி உட்கார்ந்திருந்தது.

அண்ணன் சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். தம்பி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

"பஞ்சு அடிக்கிற சத்தமே வேற மாதிரிடா. தினம் காதைத் தீட்டிக்கிட்டுக் கெடந்தேன். ஒரு நாளும் கேக்கல. ஆனா நீ விட்டேன்னு சொன்ன. சரி, எனக்குத்தான் காதும் போயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்."

தம்பி கட்டில் காலில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

"எறும்புகூட நுழையலையா?" என்று அண்ணன் சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அண்ணி வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

அன்றைக்கே படகு கொட்டகைக்குத் திரும்பியது. தம்பி சோறு தண்ணி பார்க்கவில்லை. விலாக்களை மாற்றினார். எல்லாப் பலகைகளையும் பிரித்து, விளிம்பை ஒரு நூல் இழைத்து, மறுபடி அடித்தார். ஆறாம் நாள் பஞ்சுத் திரியை வைத்து மரச்சுத்தியலால் தட்டத் தொடங்கினார். கனமாக, அடக்கமாக, வயிற்றில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

ஜன்னல் வழியாக அண்ணன் குரல் வந்தது. "இதான்டா! இதான் படகுச் சத்தம்!"

அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. தம்பி தட்டுவதை நிறுத்தினால் மட்டும் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுகிற ஓசை கேட்கும். நிறுத்தாதே என்று அர்த்தம். எட்டாம் நாள் மத்தியானம், இன்னும் இரண்டு இடுக்குகள் பாக்கி. அண்ணி கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"அடிக்கிறத நிறுத்துங்க தம்பி."

"தூங்கறாரா அண்ணி?"

அண்ணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி காதைக் கொடுத்துக் கேட்டார். கட்டில் சட்டத்தைத் தட்டும் ஓசை வரவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு பாக்கி இரண்டு இடுக்குகளையும் அடைத்து, மேலே தார் மாதிரிக் கீல் பூசி, படகைத் தண்ணீரில் விட்டார். உடனே ஒழுகத் தொடங்கியது. ஒழுக வேண்டும். மரம் குடித்து முடிக்கிறவரை விட்டுவிட வேண்டும். இரண்டு நாள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் உள்ளிருந்த தண்ணீரை இறைத்துக் கொட்டினார். திரும்ப ஊறவில்லை. வீட்டுக்கு நடந்தார். அண்ணனிடம் சொல்லத்தான் கால் போயிருக்கிறது. அறைக்குள் வந்து, வெறும் கட்டிலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அண்ணி பின்னால் வந்து நின்றாள். "தண்ணி நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு அண்ணி."

சுவரில் மாட்டியிருந்த தூண்டிலை எடுத்து நீட்டினாள். "அப்ப போட்டுட்டு வந்துடுங்க."

"நானா? எனக்கு வாந்தி வருமே அண்ணி."

"வரட்டும்."

போனார். கரை ஒரு கதவகலத்துக்குச் சிறுத்ததும் வாந்தி வந்தது. படகோரத்தில் குனிந்து எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு தூண்டிலைப் போட்டுவிட்டு, அண்ணன் உட்கார்ந்திருக்க வேண்டிய பக்கத்துப் பலகையில் கை வைத்தார். இடுக்கு நெடுகப் பஞ்சு லேசாகப் புடைத்துக்கொண்டு விரலுக்குத் தட்டுப்பட்டது. வேறு எங்கேயாவது இருந்தால் உளியை எடுத்துச் சீவியிருப்பார்.