அப்பா காவல் காத்த கியர் ஆயில்

என் அப்பாவுக்கு இந்த உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டு இறங்கி, மீட்டரில் சைபர் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டேங்க் மூடியைத் திறப்பார். காஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்ப்பார். எதை ரிப்பேருக்குக் கொடுத்தாலும், மாற்றிய பழைய சாமான் அவர் கைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். கருகிய ஒயர்களும் தேய்ந்த பல்சக்கரங்களுமாக ஒரு சாக்கு மூட்டை எங்கள் பரணில் கிடந்தது. தூக்கிப் போடச் சொன்னால், "நாளைக்கு சாட்சி வேணாமா?" என்று கேட்பார்.

இப்படிப்பட்டவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிச் சேர்த்த காசில் ஒரு பழைய காரை வாங்கினார். அவரைத் தவிர அதைத் தொட அனுமதி பெற்ற ஒரே ஆள் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. அதற்கும் நம்பிக்கை காரணமில்லை. மாமா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார், கூலி கேட்கமாட்டார். அம்மாவை விட்டால் அவருக்கும் வேறு ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடுவதுதான் அவருக்கு வாரத்தில் கிடைக்கும் வீட்டுச் சாப்பாடு.

அந்த வருடம் அப்பாவுக்கு ஞாயிறும் ஓவர்டைம் இருந்தது. மாமா காலையில் வந்து அம்மாவைக் காரில் திருமுல்லைவாயில் கோயிலுக்கு அழைத்துப் போவார். என்னை ஹிந்தி டியூஷனில் தள்ளிவிட்டுத்தான் போவார்கள். எனக்கும் அப்பாவின் புத்திதானே. திரும்பி வரும் அம்மாவின் நெற்றியில் விபூதி இருக்காது, கையில் பிரசாதம் இருக்காது. ஆனால் வாய்க்குள் சிரித்துக்கொண்டே சோறு போடுவாள். இருவரும் என்னை விட்டுவிட்டு எங்கேயோ பிரியாணி சாப்பிடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஒரு தடவை அம்மாவின் உள்ளங்கையை முகர்ந்துகூடப் பார்த்தேன். பிரியாணி வாசனை இல்லை, ஏதோ ரப்பர் வாசனை அடித்தது. நன்றாகக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள் என்று என் சந்தேகம் இன்னும் கூடியது.

ஒரு ஞாயிறு கார் டக் டக்கென்று சத்தம் போட்டபடி திரும்பி வந்தது. முன் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் போய்விட்டது. கோயிலுக்குப் போகும் வழியில், நூம்பலில் மழைத் தண்ணீருக்குள் பள்ளம் தெரியவில்லை என்றார் மாமா. அன்று மாலை அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன் டயரில் மஞ்சள் பெயிண்ட் தீற்றல் ஒன்று இருந்தது.

"பள்ளத்துக்கு எவன்டா பெயின்ட் அட்ச்சான்?" என்று கேட்டார்.

மாமா தலையைச் சொறிந்தார். அம்மாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வண்டியைச் சவாரிக்கு ஓட்டுகிறான் என்பது அப்பாவின் தீர்மானம். ரிப்பேர் முடியட்டும், அதற்கப்புறம் அவனை இந்த வீட்டுப் பக்கம் வரவிடுகிறேனா பார் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தார். அம்மா அன்று இரண்டு முறை சாம்பாருக்கு உப்புப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு அப்பா லீவு போட்டுவிட்டார். கியர் ஆயிலைக் கரையான்சாவடிக்குத் தானே நடந்துபோய், சீல் உடைக்காத டப்பாவாகப் பார்த்து வாங்கி, கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மாமா பழைய ஆக்ஸிலை உருவியதும் கியர் பாக்ஸிலிருந்து கறுப்பு எண்ணெய் பேசினில் கொட்டியது. பேசினுக்குக் காவலாக என்னை உட்கார வைத்தார் அப்பா. அந்தக் கழிவு எண்ணெயை யார் திருடுவார்கள் என்று நானும் கேட்கவில்லை.

புது ஆக்ஸிலை மாட்டி, வண்டியைச் சமதரையில் இறக்கிய பிறகு, கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த ஓட்டையில் டியூப் விட்டு, புனல் வைத்து மாமா ஆயிலை ஊற்றினார். ஓட்டை வழியாக வெளியே வழிய ஆரம்பித்தது.

"இன்னாடா, தரைக்கு ஊத்தற?"

"வழியணும் மாமா. அதான் அளவு." மாமா அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். "சந்தேகமா கீதுன்னா வெரல உட்டுப் பாரு."

வழிகிற வரைக்கும் ஊற்றுவதை ஓர் அளவு என்று ஒப்புக்கொள்ள அப்பாவுக்கு மனம் வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். மாமா ஓட்டையை மூடி போல்ட்டை இறுக்கினார். அதற்கும் மேலே அப்பா ஒரு முறை இறுக்கினார்.

இனி பரீட்சை. முன்பக்கத்தை மறுபடி தூக்கி ஸ்டாண்டில் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன் சக்கரங்கள் அந்தரத்தில் சுற்ற ஒவ்வொரு கியராகப் போட வேண்டும். ஆக்ஸில் நுழையும் இடத்தில் ஆயில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மாமா சீட்டில் ஏறப் போனார்.

"நீ ஏறாத. என் கண்ணு முன்னாடியே நில்லு," என்றார் அப்பா. தானும் கசிகிற இடத்தை விட்டு நகரத் தயாராக இல்லை. மிச்சம் இருந்தது அம்மா. "ஏய், நீ போய் உக்காரு. எடது காலாண்ட கீறது கிளட்ச்சு. பயப்படாம அமுக்கு."

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினாள். சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டாள். கண்ணாடியைக்கூடச் சரிசெய்தாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓட ஆரம்பித்தது. ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று கியர்கள் விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை. அப்பா செகண்ட் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவரோ டார்ச் லைட்டும் கையுமாகக் குனிந்து, "கசியுதா? கசியுதா?" என்று ஆக்ஸிலையே விசாரித்துக்கொண்டிருந்தார். மாமா ஆயில் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருமினார். நெடி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நான் வளர்ந்த பிறகு மாமாவே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு ஞாயிறும் கோயிலுக்குப் போனதில்லை. நூம்பலில் மனை பிரித்துப் போட்ட வெற்றிடத்தில் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கல் மேல் வண்டியை ஏற்றியதும் அவள்தான். முன்பு ஒரு தடவை அப்பாவிடமே ஆசையாகக் கேட்டாளாம். "காரு இன்னா மிக்சியா, சுவிட்ச்ச போட்டா ஓட?" என்று சிரித்துவிட்டாராம். அவ்வளவு சந்தேகப்பட்ட மனிதர் அவளைச் சந்தேகிக்கக்கூட இல்லையே என்பதில்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அதில் அப்பாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"வேலையெல்லாம் சுத்தமா பண்ற. ஆனா எதையோ மறைக்கிற. இனிமே என் வண்டியாண்ட வராத. ஊட்டுப் பக்கமும் வராத."

அம்மா இன்ஜினை அணைத்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இந்தாங்க, அவன் இல்லீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"உடு யக்கா," என்றார் மாமா, அவளைப் பார்க்காமலே. "நான்தான் இட்ச்சேன். மாமா சொல்றது கரெக்ட்டு." வண்டியைக் கீழே இறக்கிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் சேர்த்து வைத்த மீன் குழம்பு அடுப்பில் இருந்தது.

அப்பா கை கழுவ உள்ளே போனார். அம்மா மட்டும் இறங்கவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, எதிரில் இருந்த காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த சீட்டில் உட்காரவே இல்லை.

பாவம், அம்மாவுக்குக் கார்க் கதவைத் திறக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஓடிப்போய் வெளியிலிருந்து திறந்துவிட்டு, "இறங்கும்மா" என்றேன்.