திரையில் இருந்த குப்பைத்தொட்டி

கட்டுகஸ்தோட்டையில் வெப்சைட் செய்யும் கடையொன்றில் கூட்டித் துடைக்கிறேன். அங்கே வேலை பார்த்த செல்விதான், கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய எனக்குப் பழக்கினாள். தினமும் பெருமையாகச் செய்தேன்.

ஒருநாள் யாரோ கைதவறி, ஒரு கல்யாண மண்டபத்தின் படங்களை அந்தத் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். தெரியாமல் நான் அழித்துவிட்டேன்.

“யாரு அழிச்சது?” முதலாளி செல்வியிடம் கத்தினார்.

“நான் இல்ல சேர். ஆச்சியக் கேளுங்க.”

“அந்த மவுசத் தொடவே எனக்குப் பயமுங்க” என்றேன்.

முதலாளி சிரித்தார். “பொய் சொல்றதுக்கு வேற ஆள் கெடைக்கலியா? நாளைக்கு வராத!” என்று செல்வியை அனுப்பிவிட்டார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு என்னருகே வந்தாள்.

“நல்லாத்தான் படிச்சிட்டீங்க, ஆச்சி.”

கூச்சத்தில் வாயே திறக்கமாட்டேன் என்று என்னைச் சொல்வார்கள். அன்று திறந்தேன். இன்றும் அங்கேதான் கூட்டுகிறேன்.