மார்கழித் திருப்பு

மண்ணெண்ணெயை வாயால் உறிஞ்சிப் பழகியவர்களுக்குத் தெரியும், அது நாக்கில் படுவதற்கு முன்பே தொண்டையில் கைக்கத் தொடங்கிவிடும். கானுக்குள் ஒரு றப்பர் குழாயை விட்டு, ஒரு இழுவை இழுத்து, எண்ணெய் வாய்க்குள் வருவதற்குள் குழாயை மோட்டார் சைக்கிளின் தாங்கிக்குள் செருகிவிட வேண்டும். அப்பா மலேரியா ஒழிப்புக் கந்தோருக்கு வேலைக்குப் புறப்படும் காலைகளில் பல நாட்கள் அந்த வேலையை நான்தான் செய்தேன். அந்தக் காலைகளில் நான் சாப்பிட்ட புட்டும் சம்பலும் மண்ணெண்ணெயாகவே மணத்தன.

போர் நடந்ததால் அரசாங்கம் வன்னிக்குள் பெற்றோல் வர விடாத காலம் அது. புதுக்குடியிருப்பிலிருந்து ஆறேழு மைல் உள்ளே, குளத்தின் கீழே வயல்களை அண்டி எங்கள் வீடு இருந்தது. ஊரில் ஓடிய நாலைந்து மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் தீப்பிடிக்காது என்பதால், ஊசி போடும் குழாயில் சில துளி பெற்றோலை எடுத்து காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து, இயந்திரம் சூடான பிறகே மண்ணெண்ணெயைத் திறப்பார்கள். வெயில் காலத்தில் இதில் பெரிய கரைச்சல் இல்லை. பனி இறங்கத் தொடங்கினால்தான் வில்லங்கம். அதற்காக அப்பா காபரேற்றரின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஆணியைக் கால் சுற்று உள்ளே திருப்பி, காற்றைக் குறைத்து எண்ணெயைக் கூட்டிவிடுவார். ஆணியைத் திருப்பித் திருப்பி, தலையைச் சரித்து, இயந்திரம் திக்காமல் ஓடும் இடத்தைச் சத்தத்தில் பிடிப்பதற்கு அவருக்கு அரை மணித்தியாலமாவது வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு "மார்கழித் திருப்பு" என்று பெயர். கார்த்திகை விளக்கீடு முடிந்த அடுத்த ஞாயிறு அதைச் செய்து முடித்துவிடுவார். "குளிருக்குள்ளை இறங்கினாப் பிறகு குளிருக்கு மருந்து தேடக்கூடாது" என்பார்.

அதில் அவ்வளவு கவனம் இருந்ததற்குக் காரணம் தம்பி. அவனுக்குத் "தொய்வு" இருந்தது. மற்ற மாதங்களில் என்னோடு சரிசமமாக ஓடித் திரிகிறவன், மார்கழி பிறந்தால் விடியப்புறத்தில் எழும்பிக் குந்தியிருந்து, தோள் இரண்டும் மேலே ஏற, மூச்சை இழுப்பான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டால் ஒரு மணித்தியாலத்தில் தெளிந்துவிடும், திரும்பி வரும்போது விசுக்கோத்து வேண்டும் என்று அடம் பிடிப்பான். அப்படி மூன்று வருடங்கள் மோட்டார் சைக்கிள் அவனைக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறது.

எனக்குப் பதினொரு வயதும் அவனுக்கு ஏழு வயதும் நடந்த அந்த வருடம், விளக்கீட்டோடு அப்பாவுக்கே மலேரியாக் காய்ச்சல் வந்தது. நடுக்கமும் வாந்தியுமாக இரண்டு கிழமை பாயில் கிடந்தார். "மார்கழித் திருப்பு" செய்யப்படவில்லை. அம்மா இரண்டு தரம் நினைவுபடுத்தியதாகவும், நாளைக்குப் பார்ப்பம் என்று அவர் சொன்னதாகவும் ஞாபகம்.

அவர் எழும்பி நடக்கத் தொடங்கி இரண்டாம் நாள் விடியும்போது தம்பிக்கு இழுக்கத் தொடங்கியது. முந்தைய தடவைகளைப் போல இருக்கவில்லை. உதடு கறுத்துவிட்டது. பேசச் சொன்னால் ஒரு சொல்லுக்கு மேல் அவனால் முடியவில்லை. அப்பா முன்னால் இருக்க, தம்பியை நடுவில் வைத்து நான் பின்னால் இருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன். மூன்று பேருக்கு மேல் அந்த மோட்டார் சைக்கிள் மணலில் இழுக்காது. அம்மா பக்கத்து வீட்டில் சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார். பெற்றோல் துளிக்கு இயந்திரம் முதல் உதையிலேயே பற்றிக்கொண்டது. போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றுதான் நான் நினைத்தேன்.

குளக்கட்டில் ஏறியதும் பனி முகத்தில் அடித்தது. முன்னால் பத்து முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்ப் பக்கமிருந்து வந்த குளிரில் என் விரல்கள் விறைத்து, தம்பியின் சட்டையைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. இயந்திரமும் குளிர்ந்தது. ஒரு தரம் திக்கியது, இரண்டு தரம் திக்கியது, கட்டு முடிந்து வயல் வெளிக்குள் இறங்கும் இடத்திலிருந்த மதகடியில் நின்றுவிட்டது.

அப்பா உதைத்தார். பத்துத் தரம், பதினைந்து தரம் உதைத்திருப்பார். காய்ச்சலில் கிடந்த கால் நடுங்கியது. ஊசிக்குழாயில் மிஞ்சியிருந்த துளியையும் விட்டுப் பார்த்தார். பற்றியது, மண்ணெண்ணெயைத் திறந்ததும் அணைந்தது. பிறகு அவர் சேறென்றும் பாராமல் முழந்தாளில் இருந்து, சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, அந்த ஆணியைத் திருப்பத் தொடங்கினார். திருப்புவார், எழும்பி உதைப்பார், மீண்டும் இருந்து திருப்புவார். நான் மதகுக் கட்டில் தம்பியை மடியில் சாய்த்துக்கொண்டு இருந்தேன். அவனுடைய நெஞ்சு என் நெஞ்சில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு இடைவெளி விட்டு ஏறியது. பிறகு ஏறவில்லை.

எனக்குத் தெரிந்தது. சாவை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருந்தோம். அப்பாவைக் கூப்பிட வாய் திறக்கவில்லை. அழுகையும் வரவில்லை. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, போர்வையைத் தம்பியின் கழுத்துவரை இழுத்துவிட்டு, அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் இயந்திரம் பற்றிக்கொண்டது. ஒரு திக்கல் இல்லாமல், அந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் ஓடாத மாதிரி ஓடியது. அப்பா திரும்பாமலே "ஏறு பிள்ளை" என்றார். நாங்கள் தம்பியை நடுவில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனோம்.

தம்பியின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பின்னேரம் அப்பா என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார். அம்மா அடுப்படியில் இருந்தார்.

"பிள்ளை, மதகடியிலை நிண்டநேரம் அவனுக்கு மூச்சு இருந்ததோ?"

அந்தக் கேள்விக்கு ஓம் என்று சொன்னால் அப்பா என்ன ஆவார் என்று எனக்கு அந்த வயதிலேயே விளங்கியது.

"இல்லை அப்பா. குளக்கட்டிலை வரேக்கையே அடங்கீற்றுது. நான் பயத்திலை சொல்லேல்லை."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். குளக்கட்டிலேயே சொல்லியிருந்தால் நெஞ்சைத் தடவியிருக்கலாம், வாயால் ஊதியிருக்கலாம், ஏதோ செய்திருக்கலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஏசவில்லை. அடுத்த நாள் காலை பள்ளிக்கூடத்துக்குத் தலை வார நான் போய் முன்னால் இருந்தபோது, சீப்பை என் கையில் தந்துவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் என் தலையைத் தொடவில்லை. சாப்பாடு தந்தார், காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்தார், எனக்குக் கலியாணமும் செய்து வைத்தார். என்னோடு பேச்சு மட்டும் அளவாகத்தான் இருந்தது. கடைசிச் சண்டைக்குள் எல்லோரும் ஓடி, செட்டிகுளத்து முகாமுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது அம்மா அங்கேயே காலமானார். மோட்டார் சைக்கிளை அதற்கு முன்பே, கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு போக முடியாமல், தெருவோரம் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

அப்பா என்னோடுதான் இருந்தார். மீளக்குடியேறி வீடு கட்டிய பிறகு, ஒரு மார்கழிப் பின்னேரம் முற்றத்துக் கதிரையில் அவர் இருந்தார். நான் அவருடைய பிரஷர்க் குளிசையையும் தண்ணீரையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு முன்கதையும் இல்லாமல் சொன்னார்.

"அண்டைக்கு நீ பொய் சொன்னனி. எஞ்சின் நிண்டாப் பிறகு அங்கை வேறை ஒரு சத்தமும் இல்லை. அவன் இழுக்கிறது எனக்கு வடிவாக் கேட்டது. பிறகு கேக்கேல்லை."

அப்படியென்றால் ஏன் திருப்பிக்கொண்டே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"நிப்பாட்டினால் திரும்பி உங்களைப் பாக்கவேணுமெல்லோ."

அம்மாவுக்குச் சொன்னாரா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"இல்லை. சொல்ல ஏலாமப் போச்சு."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குளிசையை விழுங்குங்கோ அப்பா என்றேன். விழுங்கினார். வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், இரவுச் சமையலுக்கு அரிசி களைந்தேன். அடுத்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்பு அவரும் போய்விட்டார்.

இப்போது எங்கள் பகுதிச் சிறுவர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். விடியப் பனிக்குள் ஸ்கூட்டியில் போகிறேன், விரலால் அழுத்தினால் புறப்படுகிறது. வகுப்பில் தொய்வு உள்ள ஒரு சிறுமி இருக்கிறாள், அவளுடைய புத்தகப் பையில் மூச்சிழுக்கும் சின்னப் பம்ப் ஒன்று கிடக்கிறது, மூச்சு முட்டினால் தானே எடுத்து இரண்டு தரம் இழுத்துவிட்டுத் திரும்பவும் விளையாடப் போகிறாள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. குளக்கட்டு வீதிக்குத் தார் போட்டு அகட்டியபோது மதகை உடைத்து மூடிவிட்டார்கள். எது அந்த இடம் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. காட்டக்கூடியவள் இப்போது நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்டதில்லை.