லத்தி மிதித்த ஷூ

வாழ்க்கையில் நான் ஒருவனுக்குத்தான் கடன்பட்டேன். ஃபுளோரன்சில் படித்துக்கொண்டிருந்த லியார்கோ என்ற மாணவனுக்கு, ஒரு ஜோடி ஷூவின் விலை, நாலாயிரம் லீரா. மற்றபடி மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் சியேனாவில் சொந்தமாகக் கறிக்கடை போட்டேன், பேட்டைக்குத் தலைவனும் ஆனேன். ஒருத்தரிடமும் கைநீட்டியதில்லை.

அவன் சியேனாவுக்கு வந்த அன்று பேட்டைக்குப் பேட்டை மோதும் எங்கள் குதிரைப் பந்தயம். படிக்கிற பிள்ளைக்கு எந்த நாளில் எந்த ஊருக்குப் போவது என்று தெரிய வேண்டாமா? பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பலாம் என்று வந்திருக்கிறான். மறுநாள் காலை அவனுக்கு வாய்மொழித் தேர்வு. வெயிலுக்கு ஒதுங்கியவன் எங்கள் பேட்டைக் கோயிலுக்குள் நுழைந்துவிட்டான்.

உள்ளே பாதிரியார் எஜிதியோ எங்கள் குதிரையை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். குதிரை மிரளக்கூடாதே என்று ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அது வாலைத் தூக்கி லத்தி போட்டது. கோயிலுக்குள் லத்தி விழுந்தால் வெற்றி நிச்சயம். கண்கலங்கி நின்றோம். வழிவிடப் பின்வாங்கிய லியார்கோ அதை நன்றாக மிதித்தான். மிதித்ததோடு விட்டானா, துடைப்பதற்கு வெளியே கிளம்பினான்.

வாசலை நான்தான் மறித்தேன். அந்த வயதில் நான் நின்றால் கதவே வேண்டாம்.

“எங்க அதிர்ஷ்டத்தக் கால்ல ஒட்டிக்கிட்டு எங்க தம்பி கிளம்பிட்ட?”

“ரயிலுக்கு நேரமாச்சுங்க. நாளைக்குப் பரீட்சை.”

“நீ தாராளமாப் போ. ஷூ இங்க இருக்கட்டும்.”

வெறுங்காலோடு அனுப்பும் ஆள் இல்லை நான். என் கறிக்கடை பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தேன். எங்கள் பேட்டையின் நிறங்களை நானே அதில் பூசியிருந்தேன். தோற்றால் ஷூ திரும்பி வரும், ஜெயித்தால் அதற்கு விலை தருவேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

முதல் திருப்பத்திலேயே எங்கள் ஜாக்கி குப்புற விழுந்தான். குதிரை தனியாகவே ஓடி முதலில் வந்தது. இங்கே அதுவும் வெற்றிதான். ஷூ இல்லாவிட்டால் நடக்கிற காரியமா?

இலையுதிர் காலத்தில் வெற்றி விருந்து. தெருவில் போட்ட தலைமேசையில் குதிரைக்கு ஓட்ஸ், பக்கத்து நாற்காலியில் பட்டுத்துணி விரித்து ஷூ. அழைப்பு அனுப்பியிருந்ததால் லியார்கோவும் வந்தான். காலில் என் பூட்ஸ்தான். வேறு வாங்க வழியில்லையாம். தேர்வில் தோற்றுப் போனானாம். அவனுடைய பேராசிரியர் எங்கள் எதிர்ப் பேட்டையில் பிறந்தவர்.

“ஒரு கேள்விகூடக் கேக்கலங்க. பூட்ஸையே பாத்தாரு. வெளிய போன்னுட்டாரு.”

மேசை முழுக்கக் கைதட்டியது. எனக்கு மார்பு விரிந்தது.

“நாளைக்கு அவருகிட்டயே மறுபரீட்சை. என் ஷூவக் குடுத்துருங்க.”

“அது நாங்க ஜெயிச்ச கொடியோட கண்ணாடிப் பெட்டிக்குப் போகுதுடா. நீ கைய நீட்டு.”

நீட்டினான். ஊரே பார்க்க, ஆயிரம் ஆயிரமாக மூன்று நோட்டுகளை வைத்தேன். அவன் பூட்ஸைக் கழற்றி என் முன்னால் வைத்த பிறகுதான் நாலாவதை அந்த உள்ளங்கையில் வைத்தேன்.