இரண்டு வேலைக்கும் ‘ஆம்’

காலை ஏழு மணிக்குப் பல் மருத்துவமனையின் ஷட்டரைத் தூக்குவதும், மாலை ஏழு மணிக்கு நீச்சல் குளத்தின் இரும்புக் கதவைப் பூட்டுவதும் ஒரே கைதான். இரண்டு இடத்துச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கும். அதனால் அவருக்குச் சாவியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் வங்கிக்காரர்கள் மட்டும்தான். அங்கேயும் இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார்.

வயது நாற்பத்தாறு. மதியம் ஒன்றரை வரை பல் டாக்டருக்கு உதவியாளர். மூன்று மணியிலிருந்து நீச்சல் பயிற்சியாளர். குழந்தைகளுக்கு அல்ல, தண்ணீரைக் கண்டாலே கால் உதறும் பெரிய மனுஷிகளுக்கு. கையில் காலையில் கிராம்புத் தைல வாசனை, மாலையில் குளோரின் வாசனை. இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று யாராவது கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

“காலையில வாயைத் திறங்கன்னு சொல்றேன், சாயங்காலம் வாயை மூடுங்கன்னு சொல்றேன். மத்தபடி ரெண்டும் ஒரே வேலைதான். பயந்தவங்க பக்கத்துல நிக்கறது.”

குளத்து வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்தது. இரண்டு இடத்திலும் வருமானச் சான்று வாங்கிவந்து, மகளுடைய மடிக்கணினியில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தார். இதுவரை ஒரே வேலை என்பதால் கடைசிப் பக்கத்தில் எப்போதும் பூஜ்யம்தான் வரும். இந்தத் தடவை சிவப்பு எழுத்தில் வந்தது: இன்னும் இரண்டாயிரம் கட்ட வேண்டும். குளத்தில் மாதச் சம்பளமே, அவர்கள் இருக்கும் நாட்டுப் பணத்தில், ஆயிரத்து ஐந்நூறுதான்.

“ரெண்டு இடத்துலயும்தான் மாசாமாசம் பிடிச்சாங்களே. அப்புறம் எப்படி?” என்று திரையைப் பார்த்தே கேட்டார். திரை வாயைத் திறக்கவில்லை.

இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க அன்று மதியம்தான் கொழுந்தனார் வந்து சேர வேண்டுமா? அவருக்கு டயர் கடையில் வேலை. டயரைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் பேசுவார். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு மடிக்கணினிக்குள் மூக்கை நுழைத்தார்.

“அண்ணி, ரெண்டாவது வேலைன்னாலே இப்படித்தான். வருமானம் ஒரு கோட்டைத் தாண்டிடுச்சுன்னா மொத்தத்துக்கும் பெரிய வரி போட்டுடுவாங்க. குளத்துல வாங்கறது பூரா வரிக்கே போயிடும். நீங்க சும்மா நனைஞ்சிட்டு வர்றீங்க.”

“யார் சொன்னா தம்பி?”

“எங்க கடை சூப்பர்வைசர். சம்பள உயர்வே வேண்டாம்னுட்டார். வாங்கினா கைக்கு வர்றது குறையுமாம். அவர் என்ன விவரம் தெரியாதவரா?”

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டிப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்லமாட்டார். துணி மடித்துக்கொண்டிருந்தவர் ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“அவன் சொல்றதுலயும் ஏதோ இருக்கும்போல. முட்டி வலிக்குதுன்னு நீயேதான் சொல்றே. விட்டுட்டா சாயங்காலம் வீட்ல இருக்கலாம்.”

சாவியக்காவுக்குக் குளம் நினைவுக்கு வந்தது. குளத்தின் நாலடி ஆழத்தில் ஒரு விஷயம் நடக்கும். வாரக்கணக்கில் கம்பியை விடாமல் நின்ற ஒருத்தி, திடீரென்று ஒரு நாள் இரண்டு காலையும் தரையிலிருந்து எடுப்பாள். தண்ணீர் தன்னைத் தாங்குகிறது என்று தெரியும் அந்த நொடியில் அவள் முகத்தில் வயது இருக்காது. கூரைக் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்த முகத்தைப் பார்க்கச் சம்பளமும் தருகிறார்களே என்று சாவியக்கா பல நாள் நினைத்ததுண்டு. அதற்காகச் சும்மா உழைக்க முடியுமா? மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது.

“வரி ஆபீஸ்ல நேர்லயே கேட்டுட்டு வந்துடறேன். தம்பி சொல்றது நிஜம்னா சனிக்கிழமையே குளத்து மேனேஜர்கிட்ட நின்னுக்கறேன்னு சொல்லிடறேன்” என்றார். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மடித்த துண்டை எடுத்து அவரும் ஒரு தடவை பிரித்து மடித்தார்.

வியாழக்கிழமை மதியம், இரண்டு வேலைக்கும் நடுவில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில், வரி அலுவலகத்துக்குப் போனார். டோக்கன் எண் அறுபத்து நான்கு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை ஒரு கையிலும் காகிதங்களை மறு கையிலும் பிடித்துக்கொண்டு திரையில் எதையோ தேடினாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“அக்கா, வேலைக்குச் சேரும்போது ஒரு படிவம் குடுத்திருப்பாங்களே. ‘இதுதான் உங்கள் முக்கிய வேலையா’ன்னு ஒரு கேள்வி இருக்கும். ரெண்டு இடத்துலயும் ‘ஆம்’னு போட்டிருக்கீங்க.”

“ஆமாம்மா. ரெண்டும் முக்கியம்தானே.”

“அப்படியா?”

“பல் ஆஸ்பத்திரியில பத்து வருஷத்துக்கு முன்னாடியே போட்டேன். குளத்துல சேரும்போது மேனேஜர் எதிர்லயே நின்னார். அவ்வளவு ஆசையா வேலை குடுத்த மனுஷன் முகத்துக்கு நேரா ‘இல்லை’ன்னு எப்படிப் போடறது? மனசு வரல.”

அந்தப் பெண் தும்மினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளில் மூன்று படிக்கட்டு வரைந்தாள்.

“முதல் படி வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். அதுக்கு வரியே கிடையாது. ஆனா அது ஆளுக்கு ஒரு தடவை, வேலைக்கு ஒரு தடவை இல்லை. நீங்க ரெண்டு பேர்கிட்டயும் நீங்கதான் முக்கியம்னு சொன்னதால, ரெண்டு பேருமே பன்னிரண்டாயிரத்தைக் கழிச்சிட்டு மிச்சத்துக்குத்தான் வரி பிடிச்சிருக்காங்க. ஒருத்தர் இருக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாது.”

“ஐயோ, ஏமாத்தணும்னு செய்யலைம்மா.”

“தெரியுதுக்கா. ஆஸ்பத்திரியில வருஷத்துக்கு முப்பதாயிரம், குளத்துல பதினெட்டாயிரம். சேர்த்து நாற்பத்தெட்டு. நியாயமா வரி நாலாயிரத்து நானூறு. ரெண்டு பேரும் பிடிச்சது ரெண்டாயிரத்து நானூறு. அந்த இடைவெளிதான் இது. பத்துத் தவணையாக் கட்டலாம். கடைசித் தேதிக்குள்ள வந்துட்டீங்க, அபராதம் இல்லை.”

சாவியக்கா கேட்க வந்தது வேறு. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

“கோட்டைத் தாண்டினா மொத்தத்துக்கும் பெரிய வரி விழும்னு சொல்றாங்களே?”

“யாருக்கா சொன்னது?”

“டயர் கடையில.”

அந்தப் பெண் பேனாவால் மேல் படியைத் தட்டினாள். “ரெண்டாவது படி நாற்பதாயிரம் வரைக்கும். அங்க நூத்துக்குப் பத்து. அதுக்கு மேல நிக்கற எட்டாயிரத்துக்கு மட்டும்தான் நூத்துக்கு இருபது. நீங்க மேல ஏறிட்டீங்கங்கறதால கீழ்ப்படியில இருக்கறதுக்கு வரி ஏறாது.”

“அப்போ குளத்துச் சம்பளத்துல எனக்கு என்ன மிஞ்சும்? அதை மட்டும் சொல்லும்மா.”

கால்குலேட்டரில் விரல்கள் ஓடின. சாவியக்கா, பல் பிடுங்க வந்தவர்களைப்போல நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“அந்த வேலையால கூடற வரி ரெண்டாயிரத்து அறுநூறு. பதினெட்டாயிரத்துல பதினஞ்சாயிரத்து நானூறு உங்க கையில நிக்கும்.”

“நிக்குமா?”

“நிக்கும்க்கா. ஆனா இனிமே ஒரு இடத்துல ‘இல்லை’ன்னு போடணும். சம்பளம் கம்மியான இடத்துல போடுங்க, அதான் சரியா வரும். மனசுக்குள்ள எது முக்கியம்னு நாங்க கேக்கறதில்லை.”

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான், தான் இரண்டு நாளாகச் சரியாக மூச்சே விடவில்லை என்பது சாவியக்காவுக்குத் தெரிந்தது. ஒரு பஸ்ஸைத் தவறவிட்டார். பரவாயில்லை என்று அடுத்ததற்குக் காத்திருந்தார்.

வீட்டில் படிக்கட்டுப் படத்தை விரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்காரர் தாளை இரண்டு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“ஆக, ஒரு வருஷமா ரெண்டு பேர்கிட்டயும் நீங்கதான் எனக்கு முதல்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கே.”

“ரெண்டு பேரும் நம்பினாங்களே, அதைச் சொல்லுங்க.”

“முட்டி?”

“முட்டி தண்ணியில வலிக்காதுங்க. படி ஏறும்போதுதான் வலிக்குது. லிஃப்ட்காரர் பொண்டாட்டி நான் மூணாவது மாடிக்கு நடந்து ஏறறேன், அதை யார்கிட்ட சொல்ல?”

அதற்கு வீட்டுக்காரர் தம்பிக்குப் போன் போடும் சாக்கில் நகர்ந்துவிட்டார். கொழுந்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சட்டத்தை இப்பத்தான் மாத்தியிருப்பாங்க” என்றாராம்.

சனிக்கிழமை குளத்து அலுவலக அறையில் புதிய படிவத்தை நிரப்பினார். அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ‘இல்லை’ என்ற கட்டத்தில் சின்னதாக, யாருக்கும் நோகாத மாதிரி ஒரு டிக் போட்டார். மேனேஜர் வாங்கிப் படித்தார்.

“என்ன மேடம், நாங்க முக்கியம் இல்லைன்னுட்டீங்க?”

“வரிக்கு மட்டும்தான் சார். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இனிமே மாசச் சம்பளத்துல பிடித்தம் கூடுமே, பரவாயில்லையா?”

“மாசம் நூத்தி அறுபத்தேழு கூடும். தெரியும் சார்.”

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கணக்குத் தெரிந்த ஆள் என்ற நம்பிக்கையில், மனதில் வைத்திருந்ததைச் சொன்னார். ஒன்பது பேர் இடம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். ஞாயிறு மதியம் இன்னொரு வகுப்பு எடுத்தால் மாதம் ஐந்நூறு கூடத் தரலாம்.

நீச்சல் தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டே சாவியக்கா மனதுக்குள் போட்டுப் பார்த்தார். மேல் படியில் நிற்கும் பணம். நூறு போகும், நானூறு நிற்கும். இரண்டு நாளைக்கு முன்பு வரை இந்த ஒரு வரிக் கணக்கு அவருக்குத் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருந்தது.

“வேண்டாம் சார்.”

“வரிக்குப் பயந்தா மேடம்?”

“இல்ல சார். ஞாயித்துக்கிழமை மதியம் நான் தூங்குவேன்.”

மேனேஜர் படிவத்தைக் கோப்பில் செருகினார். குளத்தில் ஏழு பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் காத்திருந்தார்கள். சாவியக்கா ஏணி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கினார்.