மற்றக் கமரா

இரண்டு கமராக்களும் ஒரே நாளில்தான் வந்தன. கண்டி நகரில் நான் வேலை செய்த ஸ்டூடியோவின் கண்ணாடி மேசைமேல் முதலாளி அவற்றை அருகருகே வைத்து, ஒரு கிழமை பாவித்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், மற்றதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றார். ஒன்றோடொன்று போட்டியிட்ட இரண்டு ஜப்பானியக் கம்பனிகளின் கமராக்கள் அவை. பிலிம் சுருளை விட்டு டிஜிட்டலுக்கு எல்லோரும் மாறிக்கொண்டிருந்த காலம். வடக்கில் யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. கண்டியிலும் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பார்கள். நான் கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துபவள். மணப்பெண்களின் முகப்பருவையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் அழிப்பது என் வேலை.

எந்தக் கமரா நல்லது என்று பார்க்கும் பொறுப்பு எங்கள் படப்பிடிப்பாளர் அண்ணனிடம் விடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஓர் அறையில் தனியாக இருந்தார். அதிகம் பேசமாட்டார், என்னைத் தங்கச்சி என்றாலும் 'நீங்கள்' என்றுதான் பேசுவார். கமராக் கடைக்காரர் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே தூரம். முக்காலியில் முதலில் ஒன்றை வைத்து எடுப்பார், பிறகு அதே இடத்தில் மற்றதை. ஒவ்வொரு படத்துக்கும் ஒளியுணர்வு எத்தனை, ஷட்டர் வேகம் எத்தனை என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு சிவப்பு மட்டைக் கொப்பியில் எழுதினேன். முதல் நாள் ஸ்டூடியோவின் பின்புறத்தில் பூத்திருந்த காகிதப்பூக் கொடியை எடுத்தோம். ஒரு படத்தின் ஓரத்தில் கொப்பியோடு என் கையும் விழுந்துவிட்டது. இருவரும் சிரித்தோம்; அதை அழிக்க மறந்துவிட்டோம்.

அந்தப் படங்களைத் திரையில் பெரிதாக்கியபோது முதல் கமரா என்னைப் பிரமிக்க வைத்தது. இதழின் நரம்பு, அதில் ஊர்ந்த எறும்பின் கால், எல்லாம் தெரிந்தன. மற்றக் கமராவில் அதே பூ கொஞ்சம் மசமசவென்றிருந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். மறுநாள் அண்ணன் என்னை மாதா கோவிலுக்கு அழைத்துப்போனார். நாங்கள் படமெடுக்கும் கல்யாணங்களில் பாதி கத்தோலிக்கக் கல்யாணங்கள். பீடத்தருகே பிளாஷ் அடிக்கப் பாதிரியார் விடமாட்டார். மெழுகுதிரி வெளிச்சத்தில் என்னை நிற்கவைத்து இரண்டாலும் எடுத்தார். கூர்மையான கமராவில் என் முகம் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி விழுந்து, சாம்பல் பூசியதுபோல் இருந்தது. மற்றதில் என் மாநிறம் அப்படியே இருந்தது. "எங்கட பொம்பிளையள் இந்த வெளிச்சத்திலதான் மாலை மாத்துறவை, தங்கச்சி" என்றார்.

மூன்றாம் நாள் மலைச்சரிவிலிருந்து நகரத்தை எடுக்கவேண்டும். பொழுது சாய்ந்து விளக்குகள் எரியத் தொடங்கும் அந்தக் கால் மணி நேரம்தான் கடினமான பரீட்சை என்று சொல்லியிருந்தார். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். நான் கொப்பியைப் பையில் வைத்தபடியே நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் தனியே போய், அம்பிட்டிய வீதியின் ஒரு வளைவில் முக்காலியை ஊன்றி, ஒரே காட்சியை இருபது தடவைக்கு மேல் எடுத்திருக்கிறார். அந்தக் காட்சியின் மூலையில் ஒரு காவலரணின் வேலி இருந்தது. யாரோ தகவல் கொடுத்தார்கள். யாழ்ப்பாண அடையாள அட்டை, இரண்டு கமரா, ஒரே இடத்தின் இருபது படங்கள். பொலிஸ் ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனதைப் பக்கத்து வீட்டார் வந்து சொன்னார்கள்.

அப்பா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். இரண்டு இனக் கலவரங்களைப் பார்த்தவர். ஒன்றில் வீடு எரிந்தது. என் பையிலிருந்த கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். பக்கம் பக்கமாக எண்கள். "இத பாத்தா என்னன்னு நினைப்பாங்க? எரிச்சிடு, புள்ள" என்றார். அது என்ன எண்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது என்றும் தெரியும். தெரிந்தேதான் அடுப்பில் போட்டேன். மட்டை எரிய நேரம் எடுத்தது. குச்சியால் தள்ளித் தள்ளி விட்டேன்.

மறுநாள் காலை முதலாளி என்னிடம் வந்தார். அவர் முஸ்லிம், சிங்களம் நன்றாகப் பேசுவார், விடியற்காலையிலேயே பொலிஸ் நிலையத்துக்குப் போய் வந்திருந்தார். "புள்ள, அந்தக் கொப்பி ஒங்கட கைலயா ஈக்கு? அதக் காட்டினா வெளங்கிக்குவாங்க" என்றார். அண்ணன் கொண்டுபோயிருப்பார் என்று பொய் சொன்னேன். அன்றைக்கு முழுவதும் திரையில் ஒரு மணப்பெண்ணின் கன்னத்தையே திருத்திக்கொண்டிருந்தேன். நாலு நாள் கழிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. டிஜிட்டல் கமரா ஒவ்வொரு படத்தோடும் அந்த எண்களைத் தானே பதிந்து வைத்திருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் காட்டும். இருபது படங்களிலும் எண்கள் வேறு வேறாக இருப்பதைப் பார்த்தால் இது வெறும் கமராப் பரீட்சை என்று விளங்கும்; பொலிஸிடமிருந்த கமராக்களில் அதைப் பொறுப்பதிகாரிக்குக் காட்டும் முறையை முதலாளிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கூட வரச் சொன்னார். அம்மாவின் காய்ச்சலைக் காரணம் காட்டினேன். அவர் திரும்பத் திரும்பப் போய்க் காட்டினார். பன்னிரண்டாம் நாள் அண்ணனை விட்டார்கள். கமராக்களையும் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் ஸ்டூடியோவுக்கு வந்தார், பாஸ்போட் படம் எடுக்க. இடது புருவம் பிளந்து, தையல் போட்டுக் காய்ந்திருந்தது. முக்காலிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் யோசிக்காமல் மென்மையாக எடுக்கும் கமராவைத் தூக்கினேன்.

"மற்றதை எடுங்கோ" என்றார்.

கூர்மையானதை எடுத்தேன். அதில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது, அவரை நேரே பார்க்காமலே பேசலாம் என்று தோன்றியது. "அண்ணா, கொப்பி என்கிட்டதான் இருந்துச்சி. நான் அத எரிச்சிட்டேன்."

அவர் முகத்தில் விழுந்த வெளிச்சம்கூட மாறவில்லை.

"உங்கட கை ஒரு படத்தில இருந்தது. அது ஆரெண்டு கேட்டவை. அதுக்குத்தான் இது" என்று புருவத்தைத் தொட்டார். "நான் சொல்லேல்ல. இனி எடுங்கோ."

பொத்தானை அழுத்தினேன். திரையில் பெரிதாக்கியபோது ஒவ்வொரு தையலும் தெரிந்தது. என் விரல் பழக்கத்தில் திருத்தும் கருவிக்குப் போனது, விரலை விலக்கிக்கொண்டேன். இருந்தபடியே அச்சிட்டுக் கொடுத்தேன். அவர் உறையில் போட்டுக்கொண்டு, முதலாளியிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டு போனார். பிறகு நாட்டை விட்டே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது குண்டசாலையில் என் சொந்த ஸ்டூடியோ இருக்கிறது. எந்தக் கமரா நல்லது என்று கேட்டு வருபவர்களுக்குப் பொறுமையாக விளக்கம் சொல்வேன். அந்தப் பாஸ்போட் படம் எடுத்த அன்று முதலாளியும் அதையேதான் என்னிடம் கேட்டார். மங்கல் வெளிச்சத்தில் நன்றாக எடுப்பதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அண்ணன் சொல்லியிருக்கக்கூடிய முடிவும் அதுதான் என்று முதலாளி தலையாட்டினார். நான் அதற்காகச் சொல்லவில்லை. மற்றக் கமராவை இன்னொரு தடவை கையில் எடுக்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.