குக்கரில் நிற்காத சக்கரம்

புளியங்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் அழுத்தித் தேய்த்தால் லேசாக ஒரு கருகல் வாசனை வரும்; அந்தச் சூட்டோடு பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் அவன் அலறுவான், வகுப்பே சிரிக்கும். இலஞ்சிப் பக்கம் பத்தாம் வகுப்புப் படித்த எனக்குப் புளியங்கொட்டையைப் பற்றி அதுவரை இருந்த அறிவு அவ்வளவுதான். புதிதாக வந்த ஜெயராணி டீச்சர் நிகழ்தகவுப் பாடத்தைப் புத்தகம் திறக்காமலே ஆரம்பித்தார். ஆளுக்கொரு அதிர்ஷ்ட விளையாட்டைச் செய்து வரவேண்டும், அதில் ஏமாற்று இருக்கிறதா என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கவேண்டும் என்றார்.

ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த கொட்டையோடு நான் போனேன். பக்கம் இரண்டு, ஆகவே பாதிக்குப் பாதி என்று பெரிய மேதைபோலச் சொன்னேன். "ரெண்டு பக்கம்னா ரெண்டும் சமம்னு எவம்லே ஒனக்குச் சொன்னான்? போட்டுப் பாரு" என்றார் டீச்சர். பீரியட் முழுக்கப் போட்டுப் போட்டுக் கரும்பலகையில் கோடு கிழித்தோம். கறுப்பே அதிகம் விழுந்து என் மானத்தை வாங்கியது.

என் கூட்டாளி சுடலை, பழைய சைக்கிள் "ரிம்"மில் அட்டை ஒட்டி, சாரல் சீசனில் குற்றாலத்துக் கடைகளில் சுற்றுவார்களே, சீப்பிலிருந்து குக்கர் வரை கட்டம் போட்ட அந்தப் பரிசுச் சக்கரத்தைச் செய்து வந்தான். சுற்றச் சுற்ற ஒவ்வொரு கட்டமும் தன் அகலத்துக்கு ஏற்றபடி வந்தது. அப்போதுதான் அவன் கேட்டான்: "அப்பம் அங்கன உள்ள சக்கரம் மட்டும் குக்கர்ல ஏன் டீச்சர் நிக்கவே மாட்டேங்கு?"

"போயிப் பாத்துக் குறிச்சிட்டு வாங்கலே. யாரும் சுத்தக் கூடாது, பாக்க மட்டுந்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கும்பலாகப் போய், அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு கடைமுன் நின்று குறித்தோம். குக்கர் கட்டம் இலை போட்டுச் சாப்பிடும் அகலம். ஆனால் யார் சுற்றினாலும் முள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, புது மாப்பிள்ளைபோல வெட்கப்பட்டு, சீப்புக்கு நகர்ந்துவிடும். கடைக்காரன் விரட்டினான்.

கடை எங்கள் பள்ளிக் கமிட்டிக்கார அண்ணாச்சியுடையது என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. "படிக்கிற பிள்ளையளுக்குச் சூதாட்டமா சொல்லிக் குடுக்கீய?" என்று பள்ளிக்கூடமே அதிரக் கத்தினார். சூதாட்டமாம்! சொல்கிற ஆளைப் பாருங்கள்! இன்றைக்கு நினைத்தாலும் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது. சுடலையின் சக்கரத்தைச் செருப்புக்காலால் மிதித்து நெளித்தார். பின்னால் நின்ற தலைமையாசிரியர் அதற்கும் தலையாட்டினார்.

டீச்சர் கமிட்டி சம்பளத்தில் இருந்தவர். அவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு பிள்ளையின் வாய்வார்த்தை போதும். வகுப்பிலேயே வாயாடி நான்தானே, கூப்பிட்டார்கள். நழுவாத டவுசரை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.

"டீச்சர்தான சூதாடச் சொன்னா? சொல்லுலே!" என்றார் தலைமையாசிரியர்.

பயத்திலும் பொய் சொல்ல ஒரு திறமை வேண்டும். என்னிடம் அது இல்லை. "இல்ல ஸார், அண்ணாச்சி கடச் சக்கரம் குக்கர்ல நிக்கவே மாட்டேங்குல்லா, அது ஏன்னு பாத்துட்டு வரச் சொன்னாவ" என்று உளறிவிட்டேன்.

அண்ணாச்சியின் முகத்தில் முதன்முறையாகக் குக்கர் தெரிந்தது. விசில் மட்டும்தான் பாக்கி.

அந்த வாரமே, பாடத்திட்டத்தை மீறினார் என்று சொல்லி டீச்சரை அனுப்பிவிட்டார்கள். குடையை எடுக்க வகுப்புக்கு வந்தவர் என்னைப் பார்த்து, "பயந்துக்கிட்டே சொன்னாலும் சரியாத்தாம்லே சொல்லியிருக்க" என்றார். கடைச் சக்கரம் அடுத்த சீசனிலும் சுற்றியது. அதற்கு ஒரு பாடத்திட்டமும் குறுக்கே வரவில்லை.

இப்போது என் மகள் தென்காசியில் பத்தாம் வகுப்பு. நிகழ்தகவுச் சூத்திரமெல்லாம் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். ஆனால் ஒரு பகடையைக் கையால் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அதெல்லாம் கூடாதாம். அதே பள்ளிக்கூடம்தான் ஆண்டுவிழாவுக்கென்று "அதிர்ஷ்டக் குலுக்கல்" சீட்டுகளைப் பிள்ளைகள் பையில் திணித்து, தெருத்தெருவாக விற்று வரச் சொல்லியிருக்கிறது. முதல் பரிசு ஸ்கூட்டர்.

"ஏட்டி, மொத்தம் எத்தன சீட்டு அடிச்சிருக்காவன்னு ஒருத்தராவது கேட்டீயளா?"

"ஐயோ அப்பா! கேட்டா மார்க்குல கை வச்சிருவாங்க."

பின்னத்தின் கீழே போடவேண்டிய மொத்த எண் எதுவென்று தெரியாமலே என் பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவாள். கேட்கிற சுடலை இல்லை, போய்ப் பார்த்து வா என்று சொல்கிற டீச்சரும் இல்லை. சரி, நாளைக் காலையில் நானே போய்க் கேட்கப் போகிறேன். இப்போதே வேட்டியை ஒருமுறை இறுக்கிக் கட்டிப் பார்த்துக்கொண்டேன்.